பறவையைச் சரியாகக் காட்டாத பறவைப் படங்கள்

ஞாயிறுதோறும் ஏரிக்கரையில் பைனாகுலரோடு நிற்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "பறவைகளைப் பற்றிய பரிசோதனைக் குறும்படங்கள் என்று நண்பர் சிலவற்றைப் போட்டுக் காட்டினார். ஒன்றில் பறவை கண்ணில் படுவதற்குள் மறைந்துவிடுகிறது. இன்னொன்றில் வெறும் வரைபடங்கள். வேறொன்றில் மனிதர்கள் உட்கார்ந்து கீச்சிடுகிறார்கள். பறவையைச் சரியாகக் காட்டாமல் ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள்? பறவை பார்ப்பவனுக்கு இவற்றில் என்ன இருக்கிறது? எங்கிருந்து தொடங்கலாம்?"

எரிச்சல் நியாயமானதுதான். ஆனால், தொலைக்காட்சியின் இயற்கைப் படங்களில் வருவதுபோல, திரை நிறைய, இறகு இறகாக எண்ணும்படி, நிதானமாக ஒரு பறவையைக் களத்தில் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? நமக்குக் கிடைப்பதெல்லாம் இலைகளுக்கு நடுவே ஒரு வால், தலைக்கு மேலே ஒரு நிழல், எந்தத் திசை என்று பிடிபடாத ஒரு குரல். செம்போத்தின் குரலைத் துரத்திப் புதரைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் 'குரல் மட்டும்' என்று பட்டியலில் எழுதிவிட்டு வீடு திரும்புகிற காலைகள்தாம் அதிகம். இயற்கைப் படங்கள் இந்த அனுபவத்தைத் துடைத்தெறிந்துவிட்டு விடையை மட்டும் தருகின்றன. நல்ல பரிசோதனைப் படங்கள் பறவை பார்க்கும் செயலையே எடுத்துக்கொள்கின்றன: காத்திருப்பு, அரைகுறைப் பார்வை, காதை நம்புவது, பட்டியல் பைத்தியம். அந்த வகையில் களத்துக்கு நெருக்கமானவை இவைதாம் என்பது என் கட்சி.

சொல்லப்போனால் சினிமாக் கருவியே பறவையைப் பார்க்க முடியாத ஆற்றாமையில் பிறந்த ஒன்று. பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியென் ழூல் மாரே 1882-இல் ஒரு துப்பாக்கி செய்தார். தோளில் சாய்த்துக் குறி பார்க்கும் அசல் துப்பாக்கி வடிவம். ஆனால் குழலுக்குள் லென்ஸ். பின்பக்கம் தோட்டா இருக்கவேண்டிய இடத்தில் சுழலும் ஒளிப்படத் தட்டு. விசையை இழுத்தால் ஒரு நொடிக்கு 12 படங்கள், ஒவ்வொன்றும் ஒரு நொடியில் 720-இல் ஒரு பங்கு நேரம் ஒளி படும்படி. நேப்பிள்ஸ் கடற்கரையில் நின்று கடற்காகங்களை அதனால் 'சுட்டார்'. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பதிவு செய்ய வானியலாளர் ஜான்சன் 1874-இல் பயன்படுத்திய சுழல் காமிராதான் அவருக்கு முன்மாதிரி. லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணச் சினிமாக் காட்சி நடத்த இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன.

மாரேயின் நோக்கம் கண் பார்ப்பதைத் திரும்பக் காட்டுவது கிடையாது. கண்ணுக்குத் தெரியாததைப் பிடிப்பதுதான். கறுப்புப் பின்னணிக்கு முன்னால் வெள்ளைப் பறவையைப் பறக்கவிட்டு, அதன் அடுத்தடுத்த நிலைகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் பதித்தார். பறவை மெதுவாகப் போனால் ஒரு பிம்பத்தின் மேல் அடுத்தது ஏறிக் குழம்பிவிடும். அளவெடுக்க வந்தவருக்கு அது பெரிய தொல்லை; பிம்பங்களைப் பிரிக்க வழி தேடிக்கொண்டே இருந்தார். 1887-இல், சிறகடிப்பின் ஒவ்வொரு நிலையையும் சிறு சிற்பமாகச் செய்து, சுழலும் உருளைக்குள் வரிசையாக நிறுத்தி, பிளவுகள் வழியே பார்த்தார். விரும்பிய வேகத்துக்குக் குறைத்துக்கொள்ளக்கூடிய, மூன்று பரிமாணத்தில் பறக்கும் கடற்காகம். இதைவிட நல்ல பறவைப் பரிசோதனைப் படம் பிறகு எத்தனை வந்தது என்று எனக்குச் சந்தேகம்தான், அது படமே இல்லையென்றாலும்.

மாரேக்குத் தொல்லையாக இருந்த அந்தக் குழப்பமே பின்னால் வந்தவர்களுக்கு மூலதனம் ஆனது. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியில் கற்பித்த டென்னிஸ் ஹ்லின்ஸ்கி, பறவைக் கூட்டங்களைச் சாதாரணமாக வீடியோ எடுத்து, ஒவ்வொரு சட்டகத்தின் (ஃபிரேம்) மேலும் அதற்கு முந்தைய சில சட்டகங்களை அடுக்குகிறார். வெளிறிய வானத்தில் கறுத்த புள்ளியாக இருக்கும் பறவை, தான் வந்த வழியைப் பின்னால் இழுத்துக்கொண்டே போகிறது. மின்கம்பியில் இருந்து ஒரு பறவை கிளம்பியதும் மற்றவை எந்த வரிசையில் கிளம்புகின்றன, கூட்டத்துக்குள் எது எதைத் தொடர்கிறது என்பதெல்லாம் கோடுகளாகத் தெரிகின்றன. பார்சிலோனாவைச் சேர்ந்த ஷாவி போவு இதே வழியில் பறப்பதை முறுக்கிய நாடாவாக்கிக் காட்டுகிறார். அந்த நாடாவின் அலையைப் பார்த்தே சிறகடிப்பு வேகமானதா, நிதானமானதா என்று சொல்லிவிடலாம். பறவையின் முகம் தெரியாது, நிறமும் தெரியாது; ஆனால் பறக்கும் விதத்தை வைத்தே இனம் சொல்லப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விருந்து என்று யோசியுங்கள்.

உங்கள் முதல் புகாருக்கு வருகிறேன். கண்ணில் படுவதற்குள் பறவை மறைந்துவிடுகிறது என்றீர்களே, அது பெரும்பாலும் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் நார்மன் மெக்லாரன் செய்த 'பிளிங்கிட்டி பிளாங்க்' ஆக இருக்கவேண்டும். 1955-ஆம் ஆண்டு, ஐந்து நிமிடம் சொச்சம், அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கப் பனை விருது வாங்கியது. இதற்குக் காமிராவே கிடையாது. முழுக்கக் கறுத்த பிலிம் சுருளை எடுத்து, பேனாக் கத்தியாலும் ஊசியாலும் பிளேடாலும் அதன் மேல் நேரடியாகக் கீறினார். கீறிய இடத்தில் ஒளி பாயும். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் இடத்தில் ஒன்றிரண்டில் மட்டும் உருவம் இருக்கும், அடுத்துச் சில சட்டகங்கள் வெறும் கறுப்பு. பறவை போன்ற ஏதோ ஒன்று பளிச்சிடும், காணாமல் போகும், வேறிடத்தில் தோன்றும். கூண்டு போன்ற ஏதோ ஒன்று வரும். நடுவில் இருக்கும் இருட்டைக் கண்ணில் தங்கிய எச்சமும் மூளையின் ஊகமும் நிரப்புகின்றன.

பறவை ஆர்வலர்கள் 'ஜிஸ்' என்று ஒன்றைச் சொல்வார்கள். அலகு, இறகு, கால் நிறம் எதையும் தனித்தனியாகப் பார்க்காமல், மொத்தமாகப் பாய்ந்து வரும் ஒரு தோற்றத்தை வைத்து 'இது வைரி' என்று சொல்லிவிடுவது. மெக்லாரன் அந்தக் கணத்தை மட்டும் ஐந்து நிமிடம் நீட்டியிருக்கிறார். பொத்தானை அழுத்தி நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் படமே செத்துவிடும். எந்தச் சட்டகத்திலும் உருப்படியான பறவை இருக்காது. ஓடும்போதுதான் அது இருக்கிறது.

அதன் இசையும் கவனிக்கத்தக்கது. மோரிஸ் பிளாக்பர்ன், நான்கு ஊதுகருவிகளுக்கும் ஒரு செல்லோவுக்கும் எழுதினார். வழக்கமான ஐந்து கோடுகளுக்குப் பதிலாக மூன்று கோடுகள் மட்டும் கொண்ட குறிப்பு: மேலே, நடுவே, கீழே. எந்தச் சுரம் என்பதை வாசிப்பவரே முடிவு செய்யலாம். அதோடு, பிலிமின் ஒலித்தடத்திலும் கீறியே தட்டொலிகளை உண்டாக்கினார் மெக்லாரன். பெயர் தெரியாத குரலைக் களக்குறிப்பேட்டில் ஏறும் கோடு, இறங்கும் கோடு, மூன்று புள்ளி என்று எழுதி வைப்பவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது.

மெக்லாரனும் ஈவ்லின் லாம்பர்ட்டும் 1958-இல் செய்த 'ல மெர்ல்' இன்னும் எளிது. ஒரு பிரெஞ்சுக் கனடிய நாட்டுப்பாடல். அலகை இழந்த கரும்பறவை அடுத்தடுத்துக் கண், கழுத்து என்று இழந்துகொண்டே போகிறது. வெட்டிய காகிதத் துண்டுகள்தாம் அந்தப் பறவை. குழந்தைகளோடு பார்க்க ஏற்றது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பார்ப்பதை விட்டுக் கேட்பதற்குப் போகலாம். கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' (1962) பறவைப் படம் என்று யாரும் சொல்வதில்லை. மூன்றாம் உலகப் போருக்குப் பிறகு பாரிஸின் அடியில் சிறைப்பட்ட ஒருவனைக் கடந்த காலத்துக்கு அனுப்பும் கதை, 28 நிமிடம், கிட்டத்தட்ட முழுக்க அசையாத ஒளிப்படங்கள். கடந்த காலம் அவனுக்குத் தோன்றத் தொடங்கும்போது, நிஜமான அறை, நிஜமான குழந்தைகள் என்று அடுக்கும் விவரிப்பில் நிஜமான பறவைகளும் வருகின்றன. அவனும் அவன் தேடிய பெண்ணும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உலவும் நீண்ட பகுதி ஒன்று உண்டு. அங்கே சுற்றிலும் பாடம் செய்து நிறுத்திய உயிரினங்கள். படத்தில் ஒரே ஒரு காட்சிதான் அசைகிறது: படுக்கையில் இருக்கும் அந்தப் பெண் கண் விழிக்கிறாள், இமைக்கிறாள். அதற்குச் சற்று முன்பிருந்தே, அவள் உறங்கும் படங்கள் ஒன்றில் ஒன்று கரைந்துகொண்டிருக்கும்போது, பறவைகளின் சத்தம் எழும்பி, அடர்ந்து, காதைத் துளைக்கும் அளவுக்குப் போகிறது. காணக் கிடைத்த உயிரினங்கள் எல்லாம் பஞ்சடைத்தவை. உயிருள்ள பறவைகள் கேட்க மட்டுமே கிடைக்கின்றன. விடியற்காலையில் ஒரு மரத்தடியில் நின்றவர்களுக்கு அந்தச் சத்தத்தின் வேலை உடனே புரியும்.

வரைபடங்கள் என்று நீங்கள் சலித்துக்கொண்டது பீட்டர் கிரீனவேயின் 'எச் வழியே ஒரு நடை' (1978). துணைத்தலைப்பு 'ஒரு பறவையியலாளரின் மறுபிறப்பு'. 41 நிமிடம் என்பதால் குறும்படமா என்று வாதாடலாம். எனக்கு இந்த வகையில் இதைவிடப் பிடித்த படம் இல்லை. ஒரு பறவையியலாளர் ஒரு பயணம் கிளம்புகிறார்; செத்த பிறகு போகிற பயணம் என்பது போகப் போகத் தெரிகிறது. துல்ஸ் லூப்பர் என்கிற கற்பனை நண்பர் அதற்காக 92 வரைபடங்களை ஒழுங்குபடுத்தித் தருகிறார். திரையில் பெரும்பாலும் அந்த வரைபடங்கள்தாம், எல்லாம் கிரீனவேயே தீட்டியவை. காமிரா கோடுகளின் மேல் ஊர்ந்து போக, ஒரு நிதானமான குரல் ஒவ்வொரு வரைபடமும் தனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டே போகிறது. இது வாங்கியது, இது ஒருவர் கொடுத்தது, இது களவாடியது. இடையிடையே பறவைகள் வந்து போகின்றன, விளக்கம் ஏதுமில்லாமல். மைக்கேல் நைமனின் இசை உந்திக்கொண்டே வருகிறது. முடிவில் ஒரு புத்தகம் காட்டப்படுகிறது: வட அரைக்கோளத்தின் சில வலசைப் பறவைகள், 92 வரைபடங்கள், 1418 பறவைகள்.

கிரீனவே பல ஆண்டுகள் பிரிட்டிஷ் அரசின் தகவல் அலுவலகத்தில் படத்தொகுப்பாளராக இருந்தவர். புள்ளிவிவரங்களை முகம் மாறாமல் வாசிக்கும் அரசாங்கக் குரலை உள்ளும் புறமும் அறிந்தவர். அவருடைய தந்தை பறவைகளில் ஊறியவர். தந்தையின் மறைவை ஒட்டித்தான் இந்தப் படம் உருவானது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த களக்குறிப்புகள், எந்த ஏரியில் எந்த மாதம் எது வரும் என்ற நினைவு, பட்டியல்கள், திருத்தங்கள்: ஆள் போனதும் அவை எங்கே போகின்றன? இதை நேரடியாக அழுது சொல்லியிருந்தால் யாருக்கும் வேண்டியிருக்காது. எண்ணும் வகைப்பாடும் எரிச்சலூட்டும் அளவுக்குப் போய், சிரிப்பாகி, சிரிப்புக்கு அடியில் துக்கம் தட்டுப்படுகிறது. பொங்கல் விடுமுறையில் ஊரே கரும்பு கடிக்கும்போது ஒரு மணி நேரத்தில் எத்தனை காகம், எத்தனை மைனா என்று கணக்கெடுத்து இணையத்தில் ஏற்றுகிற நம் ஆட்கள் இந்தப் படத்தில் தங்களையே பார்ப்பார்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். நானும் அந்தக் கூட்டம்தான். பிடித்துப்போனால் அவருடைய 'தி ஃபால்ஸ்' (1980) இருக்கிறது. ஏதோ ஒரு பேரழிவுக்குப் பிறகு பறவைத்தன்மை ஏறிப்போன 92 பேரின் வாழ்க்கைக் குறிப்புகள், மூன்று மணி நேரத்துக்கு மேல். பொறுமைசாலிகளுக்கு மட்டும்.

கடைசியாக, கீச்சிடும் மனிதர்கள். மார்க்கஸ் கோட்ஸின் 'டான் கோரஸ்' (2007). அது பல திரைகளில் ஓடும் நிறுவல். நீங்கள் பார்த்தது அதன் பதிவாக இருக்கும். இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் விடியற்காலைப் பறவைக் குரல்களை, ஜெஃப் சாம்பிள் என்ற பறவை ஒலிப்பதிவாளரோடு சேர்ந்து, பல மைக்குகளை வைத்துத் தனித்தனியாகப் பதிவு செய்தார். ஒவ்வொரு குரலையும் ஏறத்தாழ 16 மடங்கு வரை மெதுவாக்கினார். அப்போது அது மனிதத் தொண்டைக்கு எட்டும் ஸ்தாயிக்கு இறங்கிவிடும். சேர்ந்திசைக் குழுக்களில் பாடும் சாதாரண மனிதர்களை அவரவர் அன்றாட இடத்தில், குளியல் தொட்டியில், படுக்கையில், டாக்ஸியில், பள்ளி ஆசிரியர் அறையில் உட்காரவைத்து, காதில் கேட்கும் அந்த மெதுவான குரலைப் பின்தொடர்ந்து பாடச் சொல்லிப் படம் எடுத்தார். பிறகு படத்தை அதே மடங்கு வேகமாக்கினார். குரல் அப்படியே பறவையாகிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். ரென் என்கிற குட்டிப் பறவை எட்டு நொடிப் பாட்டில் நூறு சுரங்களுக்கு மேல் கொட்டும். பதினாறு மடங்கு இழுத்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல். நமக்கு ஒரே 'கிர்ர்' என்று கேட்பதற்குள் இரண்டு நிமிடப் பாட்டு இருக்கிறது. ஆனால் கோட்ஸ் எதிர்பார்த்தாரோ இல்லையோ, என்னை அசத்தியது குரலைவிட உடல்தான். வேகமாக்கிய படத்தில் அந்த மனிதர்களின் மார்பு படபடவென்று ஏறி இறங்குகிறது. தலை வெட்டி வெட்டித் திரும்புகிறது. இமை மின்னுகிறது. நிதானமாக மூச்சு வாங்கும் ஒரு நடுத்தர வயதுக்காரர், வேலியில் உட்கார்ந்த ராபின் போலவே சிலிர்த்துக்கொள்கிறார். பாட்டை மட்டும் போலி செய்யச் சொன்னார்கள். நடத்தை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பறவைகளின் 'பதற்றம்' என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி நம் கடிகாரமும் அவற்றின் கடிகாரமும் வேறு வேகத்தில் ஓடுவதுதானோ என்று அதைப் பார்த்த பிறகு தோன்றாமல் இருக்காது.

இந்த வரிசையில் அண்மைக் காலத்தது ஒன்று: ஜெனிஃபர் அல்லோராவும் கியெர்மோ கல்சாடியாவும், எழுத்தாளர் டெட் சியாங்குடன் சேர்ந்து 2014-இல் செய்த 'தி கிரேட் சைலன்ஸ்'. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில் 305 மீட்டர் அகலத் தட்டோடு வேற்றுலகக் குரலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த வானொலித் தொலைநோக்கியும், அதே தீவின் காட்டில் அழிவின் விளிம்பில் வாழும் பச்சைக் கிளிகளும். 1970-களில் காட்டில் இந்த இனக் கிளிகள் 13 வரை குறைந்துபோயின. பேசுவது கிளி, ஆனால் குரல் கிடையாது. திரையில் வரும் எழுத்து மட்டும். பக்கத்திலேயே பேசத் தெரிந்த உயிர் இருக்கும்போது விண்ணில் எதைத் தேடுகிறீர்கள் என்பது அதன் கேள்வி. உரை கொஞ்சம் இனிப்பு கூடியது என்பேன். ஆனால் படம் வந்த பிறகு நடந்தது அதற்கு வேறு கனம் கொடுத்துவிட்டது: 2020 டிசம்பர் 1 அன்று அந்தத் தொலைநோக்கி இடிந்து விழுந்தது. கிளிகள் இன்னும் இருக்கின்றன.

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒரு கசப்பும் சொல்லவேண்டும். இந்த வகையில் குப்பை ஏராளம். அயர்லாந்தின் ஷானன் ஆற்றில் படகில் போன இரண்டு இளம் பெண்கள் மைனா வகையைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைக் கூட்டத்தைப் படம்பிடித்து 2011-இல் வெளியிட்ட 'மர்மரேஷன்' இரண்டு நிமிடச் சின்னப் படம், நேர்மையானது. அதற்குப் பிறகு கூட்டமாகப் பறவை பறப்பதை மெதுவாக ஓட்டி, சோகமாக ஒரு பியானோவைச் சேர்த்தால் பரிசோதனைப் படம் என்ற நினைப்பு வந்துவிட்டது. நம் பக்கத்தில் குளிர்காலத்தில் சூறைக்குருவிகள் திரளும்போதும் ஆண்டுக்கு ஆண்டு அதே படம்தான் வருகிறது. எதைப் பரிசோதித்தார்கள்? இசையை நீக்கிவிட்டுப் பாருங்கள். ஏதாவது மிஞ்சுகிறதா என்பதே என் உரைகல்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், மெக்லாரனிலிருந்து. 'பிளிங்கிட்டி பிளாங்க்', 'ல மெர்ல்' இரண்டும் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் இணையதளத்தில் இலவசம். இருட்டு அறையில், கைப்பேசியில் அல்லாமல் பெரிய திரையில் பாருங்கள். அடுத்து 'லா ஜெத்தே', நல்ல ஒலிபெருக்கியோடு. கிரீனவேயைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஜூலியன் ஹக்ஸ்லியின் 'தி பிரைவேட் லைஃப் ஆஃப் தி கேனட்ஸ்' (1934) ஒன்றையும் நடுவில் சேர்க்கலாம். வேல்ஸ் கடலோரத் தீவில் எடுத்த, பறவையை நன்றாகவே காட்டுகிற, ஆஸ்கர் வாங்கிய குறும்படம் அது. நீங்கள் கேட்கும் தெளிவு அதில் கிடைக்கும். எது கிடைக்காமல் போகிறது என்பதும் தெரியும்.

நீங்களே ஒன்று செய்து பார்ப்பதாக இருந்தால், பறவைப் பாதையை அடுக்கிக் காட்டும் முறை மிக எளிது, கூட்டருகே போகத் தேவையில்லாதது. மாலையில் பனை உழவாரன்கள் சுற்றும் இடத்தில் காமிராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, வெறும் வானத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். குவியத்தையும் ஒளியளவையும் தானியங்கியில் விடாமல் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மேகம் நகரும்போதெல்லாம் படம் துடிக்கும். வீடியோவைச் சட்டகங்களாகப் பிரித்து, படத்திருத்த மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாக 'டார்க்கன்' முறையில் அடுக்கினால் ஒவ்வொரு புள்ளியிலும் மிகக் கறுத்தது மட்டும் நிற்கும், அதாவது பறவை. இருண்ட மரங்களுக்கு முன்னால் கூடடையப் போகும் கொக்குகள் என்றால் தலைகீழாக 'லைட்டன்' முறை. சட்டகம் எல்லாவற்றையும் சேர்த்தால் கோடு தடித்துப் பட்டையாகிவிடும். இரண்டு மூன்றுக்கு ஒன்று எடுத்தால் சிறகடிப்பு தனித்தனியாகத் தெரியும். ஒலியை அழித்துவிடாதீர்கள், பஸ் சத்தம் கலந்திருந்தாலும் பரவாயில்லை. பியானோ மட்டும் வேண்டாம்.